ஆட்டக்காரர் ஆசானான கதை

நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அறுபதாவது வயதில் ஓய்வு வருகிறது. ஒரு மாலை, ஒரு சால்வை, நாலு பேர் எழுந்து சொல்லும் நல்ல வார்த்தைகள். கால்பந்து ஆடுகிறவனுக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. முப்பது வயதை ஒட்டி ஒரு நாள் முழங்கால் ‘போதும்’ என்று சொல்லிவிடுகிறது. மறுவாரம் அவனுடைய இடத்தில் வேறொருவன் நிற்கிறான். அதற்குப் பிறகு அவன் வாழவேண்டிய வருஷங்கள் நாற்பதோ ஐம்பதோ. அவற்றை அவன் என்ன செய்வான்? கல்கத்தாவிலுள்ள நம்மவர் வீடுகளில், பையன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்படும்போதெல்லாம் தாய்மார் கேட்கும் கேள்வி இதுதான். “உதைத்து உதைத்துக் கடைசியில் என்னடா ஆகப்போகிறாய்?” என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இக்கேள்விக்கு ஒரு விடை இவ்வூரிலேயே, அதுவும் நம் ரயில்வேக் குடும்பத்திலேயே, ஒரு மனிதரின் வாழ்க்கையாக நடந்து முடிந்திருக்கிறது. பி.கே. பானர்ஜி என்று நாடறிந்த பிரதீப் குமார் பானர்ஜியைத்தான் சொல்லுகிறோம். இவ்வூர் இளைஞர்களுக்கு அவர் ‘பிரதீப்தா’. ‘தா’ என்றால் அண்ணன். அவர் 2020-ஆம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி தமது எண்பத்து மூன்று வயதில் காலமானார். தேசம் முழுவதும் ஊரடங்குக்குள் போகச் சில நாட்களே இருந்த நேரம் அது. அவரவர் வீட்டுக் கவலையில் அவரவர் மூழ்கியிருந்தபடியால், பேசவேண்டிய அளவுக்கு அவரைப்பற்றி நாம் பேசாமலே போய்விட்டோம். அந்தக் குறையைச் சற்றேனும் தீர்த்துக்கொள்ளவே இக்கட்டுரை.

அவர் 1936-ஆம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி வட வங்காளத்தில், ஜல்பாய்குரிப் பக்கத்தில் பிறந்தவர். வளர்ந்தது எஃகு நகரமான ஜாம்ஷெட்பூரில். பதினைந்து வயதிலேயே சந்தோஷ் கோப்பைப் போட்டியில் பீஹார் மாகாணத்துக்காக ஆடிவிட்டார். 1954-இல் கல்கத்தா வந்து ஆரியன் கிளப்பில் சேர்ந்தார். மறு ஆண்டே கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் காலணியைக் கழற்றும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

பம்பாயிலும் டில்லியிலும் உள்ள வாசகர்களுக்கு இதன் விசேஷம் உடனே விளங்காது. கல்கத்தாவில் கால்பந்து என்றால் மூன்று கிளப்புகள்: 1889-இல் தோன்றிய மோகன் பகான், முகம்மதன் ஸ்போர்ட்டிங், 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால். தேசப் பிரிவினைக்குப்பின் எல்லை கடந்து வந்து, குடிசையிலும் ரயில் நிலையத்திலும் படுத்துறங்கிய கீழ்வங்க மக்களுக்கு, போன ஊரின் பெயர் மிஞ்சியிருந்த ஓரிடம் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் கூடாரம். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்ப் பெயரில் ஒரு கூட்டம் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை நம் சங்கத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை. இவ்வூரில் பெரிய ஆட்டக்காரன் என்று பெயரெடுத்த எவனும் இம்மூன்றில் ஒன்றின் சட்டையை அணிந்தே தீருவான். பி.கே. ஒருவர்தான் அணியவில்லை.

ரயில்வேச் சட்டையோடே அவர் எட்டிய உயரம் சிறிதன்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பெற்ற இந்தியக் குழுவில் வலது கோடியில் ஓடியவர் அவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரே தலைவர். பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியா அடித்த கோல் அவருடையது. அர்ஜுனா விருது ஏற்பட்ட 1961-லேயே அதைப் பெற்ற முதல் கால்பந்து வீரரும் அவரே. இவை அனைத்தும் ஒருபுறம் இருக்கட்டும். 1958-இல் கிழக்கு ரயில்வே கல்கத்தா லீக்கையே வென்றது. மூன்று பெரிய கிளப்புகளையும் பின்னே தள்ளிவிட்டு ஓர் அலுவலகக் குழு முதலிடம் பெற்றது. அதற்குப்பின் இம்மூன்றுக்கும் வெளியே ஒரு குழு அந்த லீக்கை வெல்ல 2019 வரையில், அறுபத்தொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் அலுவலகத்துப் பெரியவர்கள் இன்றும் ‘அம்பத்தெட்டு’ என்றால் எந்த அம்பத்தெட்டு என்று யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்டவரை 1967-இல் காயங்கள் நிறுத்திவிட்டன. வயது முப்பத்தொன்று.

இனி நாம் சொல்ல வந்த பகுதி. நன்றாக ஆடத் தெரிந்தவன் நன்றாக ஆட்டுவிக்கவும் செய்வான் என்று பலர் எண்ணுகிறார்கள். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அது தவறு என்பதை எவ்வாறு தெரிந்துகொண்டோம் என்பதைக் கடைசியில் சொல்லுகிறோம். ஆடுகிறவனுக்குத் தன் இரண்டு கால்கள் போதும். ஆட்டுவிக்கிறவனுக்கு இருபத்திரண்டு கால்கள் வேண்டும். அவற்றில் ஒன்றுகூட அவனுடையதில்லை. பந்து காலுக்கு வந்தால் இடமா வலமா என்று நொடியில் தீர்மானித்தவன், இப்போது கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று, தான் ஒருபோதும் செய்யாத தவறைப் பிறன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேர்பெற்ற ஆட்டக்காரர் பலர் இந்த வேதனையைத் தாங்கமாட்டாமல் திரும்பிவிடுகிறார்கள்.

பி.கே. இதைக் கண்ணாரக் கண்டு கற்றவர். அவருடைய ஆசான் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுக்கு இந்தியக் குழுவை அழைத்துச் சென்றபோது ரஹீம் சாகேபின் உடலில் புற்றுநோய் புகுந்திருந்தது. அங்கே பின்வரிசைத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுவிட்டது. வேறொருவராயிருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீமோ அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். அரை இறுதியிலும் இறுதியிலும் அந்தப் பின்வரிசைக்காரர் கோல் அடித்தார். தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. மற்றொரு கோலை அடித்தவர் பி.கே. அன்று கோல் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஆட்டம் பழகியவர். ரஹீம் மறு ஆண்டு ஜூனில் மறைந்தார். ஒரு மனிதனிடம் அவனுக்கே தெரியாமல் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆசானின் தொழில் என்பதை பி.கே. ஜகார்த்தாவில் ஒரு மாணவனாகப் பார்த்துவிட்டார் என்று நாம் நினைக்கிறோம்.

ஆட்டத்தை விட்டபின் அவர் தம் பேரை மட்டும் நம்பிக் கோட்டோரத்தில் போய் நின்றுவிடவில்லை. ஜப்பானில் ஜெர்மானிய ஆசான் டெட்மார் கிராமர் நடத்திய பயிற்சி வகுப்புக்குச் சென்று, ஒலிம்பிக்கில் நாட்டுக்கே தலைமை தாங்கியவர், நோட்டுப் புத்தகத்தோடு மீண்டும் மாணவனாக உட்கார்ந்தார்.

1972-இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. ஆட்டக்காரராக ஒருநாளும் நுழையாத கூடாரத்துக்குள் ஆசானாக நுழைந்தார். அப்போது வயது முப்பத்தாறு. ஹபீப், சுதீர் கர்மகார் போன்ற கைதேர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல்கூட வாங்காமல் கல்கத்தா லீக்கை வென்றது. ஐ.எப்.ஏ. ஷீல்டும் டூரண்ட் கோப்பையும் வந்தன. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டது. மறு ஆண்டு வடகொரியாவிலிருந்து வந்த பியாங்யாங் குழுவை ஷீல்டு இறுதியில் 3-1 என்று தோற்கடித்தது.

இதை அவர் எப்படிச் சாதித்தார் என்று கேட்டால், இவ்வூர்ப் பெரியவர்கள் ஒரே சொல்லைச் சொல்வார்கள்: ‘வோக்கல் டானிக்’. வாய்ப்பேச்சாகிய மருந்து என்று பொருள். ஆட்டத்துக்கு முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பி.கே. பேசுவாராம். ஒருவனிடம் அவனுடைய தாயைப் பற்றிப் பேசுவார், ஒருவனை ஏசுவார், ஒருவனிடம் ஒன்றும் பேசாமல் தோளில் கை வைத்துவிட்டு நகர்வார். கதவு திறக்கும்போது பையன்கள் புலிகளாக வெளியே வருவார்கள் என்பது கதை. கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் யாரிடம் எதைச் சொல்லவேண்டும் என்று அறிவதற்கு முன்னால், அந்த யாரைப் பல மாதம் கவனித்திருக்க வேண்டும் அல்லவா? நாக்கின் சாமர்த்தியம் என்று ஊர் வியந்தது, கண்ணின் உழைப்பும் காதின் உழைப்பும் என்பது நம் கட்சி.

சுபாஷ் பௌமிக் விஷயத்தைப் பாருங்கள். காளை போன்ற உடல், அதற்கேற்ற கோபம். மோகன் பகான் ‘இவன் காலம் முடிந்தது’ என்று கைவிட்டிருந்த சமயத்தில், 1973-இல் பி.கே. அவரை ஈஸ்ட் பெங்காலுக்குள் இழுத்துக்கொண்டார். உடல் இளைக்க ஓடவைத்து, மனம் நிமிரப் பேசி, இரண்டாவது வாழ்வு கொடுத்தார் என்றே சொல்லவேண்டும். அந்த பௌமிக் பிற்காலத்தில் தாமே ஆசானாகி, 2003-இல் ஈஸ்ட் பெங்காலை ஆசியான் கோப்பைப் போட்டிக்கு அழைத்துச் சென்று, இறுதியில் தாய்லாந்துக் குழு ஒன்றை 3-1 என்று வென்று திரும்பினார். அது நடந்த ஊரும் ஜகார்த்தாவே. 1962-இல் ரஹீம் நின்ற ஊரில், அவர் மாணவரின் மாணவர் நின்றார்.

1975-ஆம் ஆண்டு ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறாவது முறையாக லீக்கை வென்றது. 1930-களில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் நாட்டிய ஐந்து என்ற சாதனை முறிந்தது. ஆறில் கடைசி நான்கு பி.கே. காலத்தவை. அவ்வாண்டு செப்டம்பர் 30-ந் தேதி நடந்த ஷீல்டு இறுதியாட்டத்தைப் பற்றி மோகன் பகான் வீடுகளில் இன்றும் உரக்கப் பேசமாட்டார்கள். ஈஸ்ட் பெங்கால் ஐந்து, மோகன் பகான் சூனியம். எதிர்க்கட்சி மோகன் பகானில் அப்போது ஆடிவந்தவர்களில் பி.கே.யின் சொந்தத் தம்பி பிரசூனும் ஒருவர் என்பதை எண்ணும்போது, அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு எப்படி நடந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. தோல்வி தாங்காமல் மோகன் பகான் அபிமானி ஒருவர் உயிரையே மாய்த்துக்கொண்டார். ஆட்டம் ஆட்டமாக இருக்கவேண்டிய எல்லையைக் கடந்துவிட்ட ஊர் இது என்பதை, பெருமையோடு அல்ல, வருத்தத்தோடுதான் எழுதுகிறோம்.

அன்று மோகன் பகான் கோலில் நின்றவர் பாஸ்கர் கங்குலி என்னும் இளைஞர். நாலு கோல் போனபின் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள். 1982-இல் டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்தபோது இந்தியக் குழுவின் தலைவர் அதே பாஸ்கர் கங்குலி, ஆசான் பி.கே. தாம் வீழ்த்திய கோல் காப்பாளனிடமே நாட்டுக் குழுவை ஒப்படைத்தார்கள் என்று அவர் முகம் கோணவில்லை. அப்போட்டியில் சவுதி அரேபியாவிடம் ஒரே கோலில் கால் இறுதியில் தோற்றோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

ஐந்து கோல் ஆட்டத்துக்கு மறு ஆண்டு, 1976-இல், பி.கே. மோகன் பகானுக்கே போய்விட்டார்! நம் பக்கத்துப் பழமொழியில் சொல்வதானால், பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போன கதை. ஈஸ்ட் பெங்கால் அன்பர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எழுத இந்த மாத இதழில் இடம் போதாது. முதல் ஆண்டே மோகன் பகான் லீக்கை வென்று, ஈஸ்ட் பெங்காலின் ஆறு ஆண்டுத் தொடரை அறுத்தது. லீக்கில் இரு கிளப்புகளும் மோதிய ஆட்டத்தில், ஹபீபின் தம்பி அக்பர் பதினேழே வினாடியில் கோல் அடித்தார். தாமதமாக வந்து வாசலில் சீட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.

நாம் மிகவும் மதிப்பது அதற்கு அடுத்த ஆண்டைத்தான். 1977-இல் தேசத்தின் பேர்போன ஆட்டக்காரர்கள் பலர் மோகன் பகானில் கூடியிருந்தார்கள். முதல் பெடரேஷன் கோப்பைப் போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. அதன் இறுதியில் பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலைக் குழு, டெலிபோன் செய்யும் தொழிலாளர் குழு, மோகன் பகானை 1-0 என்று வீழ்த்திவிட்டது. கல்கத்தா திரும்பினால் லீக்கில் ஈஸ்ட் பெங்காலிடம் 2-0 என்று தோல்வி, லீக்கும் கைநழுவியது. நேற்று வரை தோளில் தூக்கிய கூட்டம் கல்லைத் தேடத் தொடங்கிவிட்டது. ஆட்டக்காரனாக இருந்தபோது தோல்வியில் பதினோரில் ஒரு பங்குதான் அவருடையது. இப்போது முழுத் தோல்வியும் அவர் பெயரில் எழுதப்பட்டது. கிளப்பை நடத்துகிறவனின் பேரேட்டில், வரவை ஆட்டக்காரர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். பற்று மட்டும் தனியாக அவன் பக்கம் ஏறும். கணக்கு எழுதும் நமக்கு இது நன்றாகப் புரிகிறது.

அந்த நிலையில்தான் உலகப் புகழ் பேலே தமது நியூயார்க் காஸ்மாஸ் குழுவோடு கல்கத்தா வந்தார். 1977 செப்டம்பர் 24-ந் தேதி, மழையில் ஊறிக்கிடந்த ஈடன் தோட்டத்தில் ஆட்டம். தோற்றால் யாரும் ஏசமாட்டார்கள். உலகச் சாம்பியனிடம் தோற்பதில் அவமானம் என்ன? ஆனால் பி.கே. அதைக் காட்சியாட்டமாகக் கருத மறுத்தார். கௌதம் சர்க்காரைப் பேலேயின் நிழலாக நிறுத்தினார். ஷ்யாம் தாபா ஒன்று, ஹபீப் ஒன்று. ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. அடுத்த சில நாட்களில் ஷீல்டு இறுதியில் ஷ்யாம் தாபாவின் ஒரே கோலால் ஈஸ்ட் பெங்கால் வீழ்ந்தது. பிறகு ரோவர்ஸும் டூரண்டும் மோகன் பகானுக்கு வந்தன. நான்கு மாதங்களுக்கு முன் கல்லெடுத்த கைகள் மாலை எடுத்தன. பேலே வந்தது அவர் அதிர்ஷ்டம் என்பார்கள் சிலர். தோற்று மனம் உடைந்த பையன்களுக்கு, தோற்றாலும் பாதகமில்லாத ஓர் ஆட்டத்தைக் கொண்டு முதுகெலும்பைத் திருப்பிக் கொடுத்தார் என்பதே நம் கணிப்பு.

அவருக்குச் சமகாலத்தில் வேறு வழியில் போனவர் அமல் தத்தா. அவரும் இந்தியாவுக்கு ஆடியவர். வேலையை விட்டுவிட்டு, கைப்பொருளைச் செலவழித்து இங்கிலாந்து சென்று பயிற்சி முறை கற்றுவந்தவர். திரைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கால்பந்துப் படம் காட்டியவர். 1969-இல் மோகன் பகானின் பின்வரிசைக்காரர்களை முன்னே ஓடவிட்டு, ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்காலை 3-1 என்று வென்றவர். பி.கே. மனிதனைப் படித்தார், அமல்தா ஆட்டத்தைப் படித்தார். இருவரில் யார் பெரியவர் என்ற விவாதம் கல்கத்தா டிராமில் ஒரு தலைமுறை நடந்தது. கட்டுரை எழுதி அதைத் தீர்க்க நாம் துணியவில்லை.

ஆனால் இருவரும் எதிரெதிரே நின்ற ஒரு நாளை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 1997 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. பெடரேஷன் கோப்பை அரை இறுதி. நம் தகப்பனார், அவரும் ரயில்வே ஊழியர், நம்மைக் கையைப் பிடித்து சால்ட் லேக் மைதானத்துக்கு அழைத்துப்போனார். நமக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான ஜனம். இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை என்கிறார்கள். மோகன் பகான் ஆசான் அமல் தத்தா ‘வைர வியூகம்’ என்றொரு புது முறையைக் கொண்டுவந்திருந்தார். எதிர்க்குழுவின் பாய்ச்சுங் பூட்டியாவையும் பிறரையும் கேலிப்பெயர் வைத்துப் பத்திரிகைகளில் சீண்டியும் இருந்தார். ஈஸ்ட் பெங்கால் ஆசானாகத் திரும்பிவந்திருந்த பி.கே. பதிலுக்குச் சீண்டவில்லை. அந்தக் கேலியையே எடுத்துப் பையன்களுக்கு டானிக்காக ஊற்றிவிட்டார் என்பார் தகப்பனார். பூட்டியா மூன்று கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1. ஆட்டத்தைவிட நமக்கு நினைவிருப்பது, மேல் மாடத்திலிருந்து கடுகுபோல் தெரிந்த ஒரு வயோதிகரைக் காட்டி, “அதோ பார், நம் ஆபீஸ்காரர்” என்று தகப்பனார் சொன்னதுதான். இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் கோவாவின் சல்காவ்கரிடம் தோற்றது. அதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

பி.கே.யோடு ஆடியவர்கள் எல்லாருக்கும் இந்த இரண்டாவது வாழ்வு வாய்த்தது என்று எழுதினால் வாசகர்களை ஏமாற்றியதாகும். சுனி கோஸ்வாமி மோகன் பகானில் ஆடி ஓய்ந்து, கிரிக்கெட்டிலும் வங்காளத்துக்குத் தலைமை தாங்கி, பின் ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்துப் பள்ளியின் தலைமையில் இருந்தார். சில ஆண்டுகளுக்குப்பின், 1991-இல், அப்பள்ளிக்கு வந்தார் பி.கே. தங்கராஜ் பல இடங்களில் பயிற்சி கொடுத்து, பொக்காரோ எஃகு நகரில் தங்கி, 2008-இல் அங்கேயே மறைந்தார். செகந்தராபாத் பக்கத்திலிருந்து வந்த துளசிதாஸ் பலராமோ, ஈஸ்ட் பெங்காலிலும் பிறகு பி.என்.ஆர். ரயில்வேக் குழுவிலும் ஆடியவர், 1963-இல் நெஞ்சு நோயால் இளம் வயதிலேயே ஆட்டத்தை இழந்தார். பி.கே., சுனி, பலராம் என்று மூவரையும் ஒரே மூச்சில் சொல்லுவது வழக்கம். மூன்றாமவர் ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில், கூட்டத்தை விட்டு ஒதுங்கி, 2023 வரை வாழ்ந்தார். திறமையில் மூவருக்கும் தராசு சமம். ஆட்டம் ஓய்ந்தபின் கிடைத்த கதவுகள் சமமாக இல்லை.

ஆகவே, தாய்மார் கேட்கும் கேள்விக்கு நாம் இந்த அளவே சொல்லமுடியும். ரயில்வேயிலும் பிற அரசு அலுவலகங்களிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கிறது. கால் நின்றாலும் சம்பளம் நிற்பதில்லை. பயிற்சியாளராக வேண்டுமானால் இப்போது படிப்படியாகச் சான்றிதழ்ப் படிப்புகள் வந்துவிட்டன. பேர் மட்டும் போதாது, பரீட்சை தேறவேண்டும். பி.கே. ஜப்பானுக்குப் போய்ப் பெற்றதை இன்று பையன்கள் இந்தியாவிலேயே பெறலாம்.

கடைசியில் சொல்லுகிறோம் என்ற சொந்தக் கதை இதுதான். நாமும் அலுவலகக் குழுவில் இடது பின்வரிசையில் ஆடியவர். பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை; துறைகளுக்குள் நடக்கும் கோப்பைதான். முப்பத்தோராவது வயதில் (பி.கே.யின் வயதே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம்) முழங்கால் போய்விட்டது. குழுவை நீயே பார்த்துக்கொள் என்று மேலதிகாரி சொன்னபோது உச்சி குளிர்ந்தது உண்மை. முதல் ஆட்டத்துக்குப் பதினோரு பெயர் எழுத உட்கார்ந்தோம். பத்துப் பெயர் ஐந்து நிமிஷத்தில் எழுதிவிட்டோம். பதினோராவது இடத்துக்கு நியாயமாக வரவேண்டியவன் இருபத்திரண்டு வயதுப் பையன். அந்த இடத்தில் எட்டு வருஷமாக ஆடி வந்தவர் நமக்கு அடுத்த மேஜையில் உட்காரும் வங்காள நண்பர். நம் வீட்டு எலுமிச்சம்பழச் சாதத்துக்கும் அவர் வீட்டு லூச்சிக்கும் தினமும் பண்டமாற்று நடக்கும். இரவு பதினொரு மணி வரை பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தோம். கடைசியில் பையன் பெயரை எழுதினோம். நேரில் சொல்லத் தைரியமில்லாமல் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வந்தோம். அதுதான் நாம் செய்த பெரும் பிழை. பெயரை விட்டதற்காக அவர் வருந்தவில்லை என்று பின்னால் தெரிந்தது. பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதற்காக வருந்தியிருக்கிறார்.

மூன்று வாரம் பேச்சில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போன நாட்களும் உண்டு. நாலாவது வாரம் அவர் மேஜைக்கு நாமே எழுந்து போய், “தாதா, பலகையில் ஒட்டியிருக்கக் கூடாது, உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும்” என்றோம். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்தப் பையன் எதிராளியைத் தன் இடது பக்கமாகவே போகவிடுகிறான். அதை யாராவது அவனுக்குச் சொன்னீர்களா?” என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நாம் கவனிக்கவேயில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் பின்வரிசைப் பையன்களை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அலுவலகம் முடிந்ததும் நமக்கு முன்பே மைதானத்துக்குப் போய்விடுகிறார். நாம் கணக்கை முடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, அரை மணி பிந்திப் போய்ச் சேருகிறோம்.